பதினோராம் சில்லு

வாலிநோக்கம் ஐஸ் ஃபேக்டரி மொட்டைமாடியில்
இருபத்திரண்டு கண்ணாடிச் சில்லுகள்,
ஒவ்வொன்றும் தீப்பெட்டி அகலம்.
இடவாடகை மாதம் அறுநூறு.
சீனி இபுராகீம் ரசீதில் எழுதினார்:
'வெயிலில் காயப்போட.'

சரியாகத்தான் எழுதியிருந்தார்.
கருவாட்டைக் காயப்போடுவது கெடாமல் இருக்க.
இவற்றை நான் காயப்போடுவது
எத்தனை நாளில் கெடுகிறது என்று பார்க்க.

முதல் சில்லு சுத்தமான சரக்கு.
ஒரே வகை அயனி, ஈயம், அயோடைடு,
வேறெதுவும் கிடையாது.
வைத்தபோது காக்கைக் கருப்பு,
மூன்றாம் நாள் காலை மஞ்சள்.
அணு ஒன்றுகூடக் குறையவில்லை,
கைகோத்து நின்ற விதம் மாறிப்போயிற்று.
மஞ்சளான பின்
எவ்வளவு வெயில் கொட்டினாலும்
ஒரு பல்பு எரியாது.

மாடியிலிருந்து பார்த்தால் உப்பளம்.
பாத்தியில் உப்பு இறங்கியதும்
மிச்சக் கசப்புநீரை வடித்துவிடுவார்கள்,
மெக்னீசியம் ஏறினால் விலை இறங்கும்.
இங்கே என் வேலையோ
சேர்த்துக்கொண்டே போவது.
சீசியம், ருபீடியம், ஃபார்மமிடினியம்,
பெயர் வாயில் நுழையாத இன்னும் இரண்டு,
அயோடினுக்குத் துணையாகப் புரோமின்,
ஒரு சிட்டிகை குளோரின்.
உப்பளத்து மேஸ்திரி கேட்டால்
மண்வெட்டியோடு வருவார்.

இது எப்படி நிற்கும்?
விடை கரையில் கிடந்தது, கொட்டிய வலையில்:
நகரை, சூடை, காரல், நண்டு,
யாருடையதோ ஒற்றைச் செருப்பு.
இனம் பிரிக்க ஆறு பெண்கள், ஒரு மணி நேரம்.
காரல் காரலோடு
தானாக ஒதுங்கிப் படுத்து நான் பார்த்ததில்லை.
கலந்து கிடக்கக் கோடி வழி,
பிரிந்து கிடக்கச் சில.
சிதறம் என்று பாடநூல் சொல்வது
இந்தக் கணக்கைத்தான்.
அதைச் சூட்டால் பெருக்க வேண்டும்.
அதாவது, தகிக்கத் தகிக்கத்
தராசு கலப்பின் பக்கம் சாயும்.
சித்திரை வெயிலை
எதிராளியென்றே எழுதி வைத்திருந்தேன்.
அந்த வரியை அடித்தேன்.

ஏழாம் சில்லுக்கு வேறு குணம்.
பகல் வெளிச்சத்தில் அயோடினும் புரோமினும்
தனித்தனிக் கூட்டம் போடும்,
இரவில் ஒன்றும் நடக்காததுபோல் கலந்துவிடும்.
இரண்டு வாரம் உச்சிவேளையில் மட்டும் அளந்து
அதைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பதினெட்டாம் நாள்
வாட்ச்மேன் லூர்து சேவியர் மேலே வந்தார்.
குனிந்து பார்த்தார், தொடவில்லை.
"இதுல ஈயம் கெடக்காமே?"
கிடக்கிறது.
"மழை பெஞ்சா தொட்டிக்கு எறங்குமா?
அந்தத் தண்ணிதான ஐஸாவுது."
சுற்றிலும் ஒட்டு போட்டிருக்கிறோம் என்றேன்.
"ஒட்டு" என்றார்,
என் சொல்லை எனக்கே திருப்பித் தருவதுபோல.
அன்று மாலையே தட்டைத்
தொட்டிக்கு எட்டாத மூலைக்கு இழுத்தேன்.
அடியில் நீல நிற பேசின் ஒன்று.
புது மூலையில் டவர் நிழல் விழுந்து
இரண்டு நாள் அளவு வீண்.

நாற்பத்தொன்று.
உப்புக்காற்று ஆணியைத் தின்று
தட்டு ஒரு பக்கமாகத் தொங்கியது.
மஞ்சள், சாம்பல், மஞ்சள், வெளுப்பு,
ஒன்றைக் காக்கை கொத்திப் போயிருந்தது.
பதினொன்று கருப்பாக இருந்தது.
ஒட்டு விட்ட ஓரத்தில் மட்டும்
நகக்கண் அளவு மஞ்சள்.
முதல்நாளை நூறென்றால் இன்று எண்பத்தாறு.
இருபத்தைந்து வருஷம் மாடியில் கிடக்க வேண்டியதற்கு
இது கைக்குழந்தை வயசு.
இரண்டையும் எழுதினேன்,
எண்பத்தாறையும் நகக்கண்ணையும்.

கீழே பாளம் உடைக்கிற சத்தம்.
சேவியர் ஏணியில் பாதி ஏறி நின்றார்.
"ஏதாச்சும் நிக்குதா?"
ஒன்று நிற்கிறது.
"ஒண்ணா" என்றவர்
பேசினை எட்டிப் பார்த்தார்.
நேற்று ராத்திரித் தூறல், நாலு விரல் உயரம்.
"இத எங்கம்மா ஊத்த?"